அதே அளவு, அதே தரம்

தப்பாகத்தான் சொல்லப் போகிறேன். மைக்கைக் கையில் கொடுத்ததும் முதல் வார்த்தையே கோணலாக வரும், எனக்குத் தெரியும். வீட்டிலிருந்து கிளம்பும்போது பத்துத் தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எல்லாருக்கும் வணக்கம், என் பெயர் தவமணி, உறையூரில் இட்லிக்கடை வைத்திருக்கிறேன், மூன்று வருஷமாக ஓர் இட்லி எட்டு ரூபாய்தான், நன்றி. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். இதில் பொய் என்று ஒன்றுமில்லை. தவமணி என்பது உண்மை, உறையூர் உண்மை, எட்டு ரூபாய் சத்தியமான உண்மை, கடைப் பலகையில் பெயிண்டில் எழுதியிருக்கிறது. இட்லி என்கிற இடத்தில்தான் சிக்கல். மணி பத்தே முக்கால். கூட்டம் நடக்கிற மண்டபத்தை ஒட்டிய சமையலறையில் நிற்கிறேன். நாலு எவர்சில்வர் டிரம்மில், சற்று முன்தான் கடைசி ஈடு இறக்கிய இருநூற்று நாற்பது இட்லி, ஈரத்துணி போட்டு மூடியிருக்கிறது, எண்பது பேருக்கு ஆளுக்கு மூன்று. ஓர் அடுப்பில் சாம்பார் அடங்கிய தீயில் கொதிக்கிறது. என் நாத்தனார் பூங்கோதை தேங்காய்ச் சட்னிக்குத் தாளிக்கக் கடுகும் மிளகாயும் எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறாள். சுவரில் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி. மேடையில் யார் இருமினாலும் எங்கள் காதுக்குள் இருமுகிறது. பதினொன்றரைக்கு எனக்குப் பொன்னாடை. அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். 'மத்திய வங்கியின் வட்டிக் கொள்கையும் விலைவாசியும்: சுயேச்சைப் பொருளாதார அறிஞர்களின் விமர்சனக் கூட்டம்' என்று மேலே பெரிதாக, கீழே கடைசி வரியில் 'விலை ஏற்றாத வீரப் பெண்மணி திருமதி தவமணி ரெங்கராசு அவர்களுக்குப் பாராட்டு' என்று. என் வீட்டுக்காரர் அதை லேமினேஷன் செய்து கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டார். முதலில் சுயேச்சை என்பதைப் படித்துவிட்டு, "சுயேச்சையா? டெபாசிட் போயிருமே" என்றவர்தான். அப்புறம் தன் பெயரும் அச்சில் இருப்பதைப் பார்த்து அறிஞர்கள் பக்கம் சாய்ந்துவிட்டார்.

பொன்னாடை ஒன்றும் செய்யாது. போர்த்துவார்கள், போட்டோ எடுப்பார்கள், கழற்றி மடித்து பீரோவில் வைக்கலாம். அந்த மெஷின்தான். மேடை மேஜையில், தண்ணீர் பாட்டிலுக்கும் பூச்செண்டுக்கும் நடுவில், வெள்ளையாக, தட்டையாக, எடை மெஷின். காலையில் எட்டு மணிக்குத் தண்ணீர் டம்ளர்களை அடுக்கப் போனபோது பார்த்தேன். புரொபசர் அருளப்பன் சார் பக்கத்தில் நின்று அதற்கு பேட்டரி போட்டுக்கொண்டிருந்தார். கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், பத்து வருஷமாக எங்கள் கடையில்தான் காலை டிபன். "இது எதுக்கு சார்?" என்றேன். சிரித்தார். நல்ல மனுஷன் சிரிப்புக்கும் பயப்பட வேண்டும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. "உங்களுக்காகத்தான் தவமணிம்மா. சும்மா பேசிக்கிட்டே இருந்தா ஜனங்க தூங்கிருவாங்க. உங்க இட்லியை மேடையிலயே எடை போடப் போறேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். சர்க்கரை வியாதி வந்த புதிதில், சாப்பிடுகிறதை எல்லாம் நிறுத்து எழுதி வைக்கும்படி டாக்டர் சொன்னாராம். மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி போட்டு, அவருடைய பொடிப்பொடி எழுத்தில், 'தவமணி கடை இட்லி, ஒன்று, 56 கிராம்' என்று இருந்தது. "அன்னிக்கு ஐம்பத்தாறு. இன்னிக்கும் ஐம்பத்தாறு இருக்கும். விலையும் மாறல, அளவும் மாறல. ஒரு மத்திய வங்கியால செய்ய முடியாததை ஒரு பொம்பளை அஞ்சு அடுப்பை வச்சுக்கிட்டு செஞ்சிருக்கா. இதுதான் என் பேச்சோட முடிவு" என்றார். நான் டம்ளரைக் கீழே போட்டேன். எவர்சில்வர் டம்ளர், மண்டபம் முழுக்க மணியடித்த மாதிரி உருண்டது. அவர் அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் வாசலுக்குப் போனதும் நான் செய்த காரியம் இருக்கிறதே, அதை யாரிடமும் சொல்லக் கூடாது. சேலைத் தலைப்பில் ஓர் இட்லியைப் பொத்தி எடுத்துக்கொண்டு போய் அந்த மெஷினில் வைத்தேன். சிவப்பு எண் துடித்தது. நாற்பது, நாற்பத்திரண்டு, மறுபடி நாற்பது. நில்லு, நில்லு என்று சாமியைக் கும்பிடுகிற மாதிரி நின்றேன். நாற்பத்தொன்றில் நின்றது. இட்லியைக் கொஞ்சம் அமுக்கிப் பார்த்தேன், ஏறியது. விரலை எடுத்தேன், இறங்கியது. மெஷின் பொய் சொல்லப் பழகவில்லை. ஐம்பத்தாறில் நாற்பத்தொன்று போனால் பதினைந்து. அதுவரை எனக்கு வரும். அது எத்தனை சதவீதம் என்று கேட்டால் வராது. ஏழாம் வகுப்பில் சதவீதம் நடத்துவதற்கு முந்தின வாரம் அக்கா கல்யாணம் என்று பத்து நாள் லீவு எடுத்தேன். கல்யாணம் முடிந்தது, அக்காவுக்குக் குழந்தைகூடப் பிறந்தது, என்னைத் திரும்பப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது. நானும் சொல்லவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை எழுந்து நின்று பதில் சொல்லி, அது தப்பாகி, நாற்பது பிள்ளைகள் சிரித்தார்கள். நாற்பது. இங்கே எண்பது. ஜன்னல் வலை வழியாக எட்டிப் பார்க்கிறேன். முதல் வரிசையில் என் வீட்டுக்காரர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய். சற்று முன்னால் தண்ணீர் கேட்கிற சாக்கில் உள்ளே வந்தபோது, "மேடையில மெஷினைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். "கடிகாரம்தானே? சைபர்லயே நிக்குது, ரிப்பேர் போல" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். "தவமணி, நம்ம இட்லி சின்னதாகல. ஆளுங்களுக்கு வாய் பெருசாயிருச்சு. கேட்டா அப்படிச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டு, தண்ணீரைக் குடிக்காமலே போய்விட்டார்.

அந்தச் சின்ன இட்லித் தட்டை வாங்கியதே அவர் சொல்லித்தானே. இல்லை, நான் சொல்லித்தான். இல்லை, இரண்டு பேரும் சொல்லவில்லை, பாத்திரக் கடையில் நின்றபோது கை தானாகப் போனது. அதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் இது புரியும். ஏழு ரூபாயாக இருந்த இட்லியை எட்டாக்கினேன். ஒரே ஒரு ரூபாய். உளுந்து விலை ஏறியிருந்தது, கேஸ் ஏறியிருந்தது, நான் என்ன செய்வேன். பெயிண்டர் பலகையில் எட்டை எழுதிவிட்டு ஏணியை விட்டு இறங்குவதற்குள் ஆட்டோ ஸ்டாண்டு மொத்தமும் எதிர்க்கடைக்குப் போய்விட்டது. எட்டு நாள். எட்டு ரூபாய்க்கு எட்டு நாள். நான் வாசலில் நின்றால் எதிர்ப்பக்கம் எல்லா முதுகும் தெரியும். முகத்தைப் பார்த்துச் சண்டை போட்டால்கூடத் தேவலை. ஒன்பதாவது நாள் ஜெரால்டு தம்பிதான் முதலில் திரும்பி வந்தார், ஸ்டாண்டுக்குத் தலைவர் மாதிரி. "அங்க சாம்பார் சரியில்லக்கா" என்றார். அன்றைக்கு முடிவு செய்தேன், உயிர் போனாலும் பலகையில் கை வைக்கக் கூடாது என்று. மறுபடி உளுந்து ஏறியது. பெரிய கடைவீதியில் பாத்திரக் கடைக்காரர் இரண்டு விதமான இட்லித் தட்டை எடுத்து வைத்தார். ஒன்றில் குழி ஆழம். இன்னொன்றில் ஆழம் கொஞ்சம் மட்டு. "பாக்குறதுக்கு ஒண்ணு மாதிரியே இருக்கும்மா, மாவு மிச்சமாகும்" என்றார் கடைக்காரர், நான் கேட்காமலே. "யார் எடை போட்டுப் பாக்கப் போறா" என்றார் வீட்டுக்காரர். இப்போது நினைத்தால் பல்லி கத்தியது போல இருக்கிறது. முதல் நாள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே பரிமாறினேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாவது நாள் ஒரு பெரியவர், "இப்பத்தான் இட்லி மெத்துன்னு இருக்கு" என்று பாராட்டினார். சின்ன இட்லி சீக்கிரம் வெந்து மெத்தென்று இருக்கும், அவ்வளவுதான் சங்கதி. நான் தலையைக் குனிந்துகொண்டு அவருக்கு ஒரு கரண்டி சாம்பார் அதிகமாக ஊற்றினேன். அன்றிலிருந்து எல்லாருக்குமே ஒரு கரண்டி அதிகம். மனசாட்சிக்குச் சாம்பார் ஊற்றியே மூன்று வருஷம் ஓடிவிட்டது. ஜெரால்டு தம்பி விஷயம்தான் தாங்க முடியவில்லை. எப்போதும் நாலு சாப்பிடுகிறவர், ஆறு சாப்பிட ஆரம்பித்தார். ஒரு நாள் ரகசியமாக என்னிடம் வந்து, "அக்கா, எனக்கு என்னமோ பசி அடங்க மாட்டேங்குது, வயித்துல பூச்சி இருக்கும்னு டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு, சாப்பிடுறதுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டார். பின்னாடி என்றேன். பாவம், இல்லாத பூச்சிக்கு இரண்டு மாத்திரை.

ஆனால் இது என் கடை, என் தெரு, என் பாவம் என்று இருந்திருந்தால்கூட ஒரு மாதிரி சமாளித்திருப்பேன். சுகுமார் தம்பி வந்துதான் இதை நாட்டுக் காரியம் ஆக்கினார். மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாரே, நீலச் சட்டை, மடியில் பை, அவர்தான். விலை எழுதுகிற சர்க்கார் உத்தியோகம். மாதா மாதம் முதல் செவ்வாய்க்கிழமை வருவார். ஊரில் சில கடைகளைப் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறார்களாம், அதில் எங்கள் கடையும் ஒன்று. கையில் ஒரு பலகை மாதிரி கம்ப்யூட்டர். "இட்லி என்னக்கா?" என்பார். "எட்டு" என்பேன். "அதே அளவு, அதே தரம்தானே?" என்பார். ஒழுங்கான பிள்ளை, ஒரு மாதம்கூடக் கேட்காமல் விட்டதில்லை. "அதேதான் தம்பி" என்பேன். தட்டு மாறிய அந்த மாதமும் அதேதான் என்றேன். ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் எப்படி மாற்றுவது. போன மாதம் அதேதான் என்றால் இந்த மாதமும் அதேதான், அந்த வகையில் அது உண்மையாகவே ஆகிவிடுகிறது. ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே, "உங்க எட்டு ரூபா டில்லி வரைக்கும் போகுதுக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் ஊராக எழுதி, டில்லியில் கூட்டி, அதைப் பார்த்துத்தான் மத்திய வங்கி வட்டியை ஏற்றுவதா இறக்குவதா என்று முடிவு செய்கிறதாம். அடுத்த மாதம் என் முட்டிக்கால் ஆபரேஷனுக்கென்று போட்டு வைத்த டெபாசிட்டைப் புதுப்பிக்கப் போனேன். கவுண்டரில் இருந்த பெண், "வட்டி குறைஞ்சிருச்சும்மா. விலைவாசி ஏத்தம் அடங்கிருச்சுல்ல, அதனால" என்றாள். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். யார் அடக்கியது? நான் அதேதான் என்றேன், சுகுமார் தம்பி அதை எழுதினார், டில்லியில் கூட்டினார்கள், ஆகா உறையூரில் இட்லி ஏறவே இல்லை என்று நினைத்து வட்டியைக் குறைத்தார்கள், குறைத்த வட்டி சுற்றிக்கொண்டு வந்து என் முட்டிக்காலிலேயே விழுந்தது. பூங்கோதையிடம் இதைச் சொன்னபோது, "அண்ணி, நூத்தி நாப்பது கோடிப் பேரு இருக்கிற நாட்டுல உங்க இட்லியத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்களாக்கும்" என்றாள். அவளுக்கென்ன. அவள் அதேதான் என்று சொல்லவில்லை. ஆனால் மனசு அடங்க மாட்டேன் என்கிறது. எல்லாத் தெருவிலும் ஒரு தவமணி இருந்து, எல்லாத் தவமணியும் அதேதான் என்று சொல்லியிருந்தால்?

ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் இப்போது அருளப்பன் சார். குரல் ஏறிவிட்டது. "தக்காளி விலை ஏறிடுச்சுன்னு வட்டியை ஏத்துறாங்க. வட்டியை ஏத்தினா தக்காளி காய்க்குமா? மழை பெய்யுமா? லாரிக்கு டீசல் ஊத்துமா? கடைக்காரன் கடன் வாங்க முடியாம ஷட்டரை இறக்குவான், அவன்கிட்ட வேலை பாத்தவன் வீட்டுக்குப் போவான். வேலையில்லாதவன் தக்காளி வாங்க மாட்டான், விலை இறங்கும். இதுக்குப் பேரு வைத்தியமா? ஜுரம் அடிக்குதுன்னு ஆளையே தண்ணிக்குள்ள அமுக்குறது!" கைதட்டல். என் வீட்டுக்காரரின் கைதட்டல் தனியாகக் கேட்கிறது, கடைசியில் முடிகிறது அதுதான். உடனே சென்னையிலிருந்து வந்திருக்கும் பெண், மீனலோசனி, அவளும் பொருளாதாரம் படித்தவள், எந்த வங்கியிலும் சம்பளம் வாங்காதவள், மைக்கைப் பிடுங்காத குறையாகப் பேசுகிறாள். "சார் சொல்றது பாதிதான் சரி. சும்மா விட்டா என்ன ஆகும்? தக்காளி ஏறினதைப் பார்த்து டீக்கடைக்காரர் ஏத்துவார், டீ ஏறினதைப் பார்த்து தையல்காரர் ஏத்துவார். நாளைக்கு ஏறும்னு எல்லாரும் எதிர்பார்த்தாலே இன்னைக்கே ஏறிடும். மத்திய வங்கி பயப்படுறது அந்த எதிர்பார்ப்புக்குத்தான்." "அப்போ பயத்துக்குத்தான் வட்டியா?" "ஆமா சார், பயத்துக்கும்தான்!" எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. பயத்தைப் பற்றித் தெரிந்த பெண். எங்கள் தெருவில் அப்படித்தான் நடந்தது, டீ இரண்டு ரூபாய் ஏறின வாரமே ஜாக்கெட் தையல் முப்பது ரூபாய் ஏறியது, தையல்காரர் டீயே குடிக்க மாட்டார். ஜன்னலுக்கு இன்னும் பக்கத்தில் போய்க் கேட்கிறேன். போயிருக்கக் கூடாது. "எங்க விமர்சனம் வேற" என்கிறாள் மீனலோசனி. "வங்கி கணக்குப் போடுறது தப்பில்ல, கணக்குக்கு வர்ற எண்ணே சில சமயம் பாதிதான் சொல்லுது. பிஸ்கட் பாக்கெட்டைப் பாருங்க. விலை அதே பத்து ரூபாய். உள்ள பிஸ்கட் குறைஞ்சிருக்கு. சோப்பு நடுவுல குழி விழுந்திருக்கு. கம்பெனிக்காரன் அதையாவது பாக்கெட் மேல பொடி எழுத்துல போடுறான். எழுதாம குறைக்கிறவங்க எத்தனை பேர்? விலை ஏறலைன்னு நாம நினைக்கிறோம். உண்மையில விலை ஒளிஞ்சுக்கிட்டு ஏறுது." மண்டபம் சிரிக்கிறது. சுகுமார் தம்பி சிரிக்கவில்லை. பையைத் திறந்து ஏதோ எழுதுகிறார். ஒளிஞ்சுக்கிட்டு ஏறுது. என் முதுகெலும்பில் ஏதோ ஒளிந்துகொண்டு ஏறுகிறது. "சோப்புல குழி விழுந்ததை கண்டுபிடிச்சவளுக்கு இட்லித் தட்டுல குழி தெரியாமலா போகும்" என்கிறாள் பூங்கோதை, மிளகாயைக் கிள்ளிக்கொண்டே. இவளை ஏன் கூட்டிக்கொண்டு வந்தேன்.

மணி பதினொன்று. வயிற்று வலி என்று படுத்துவிடலாம். படுத்தால் என் வீட்டுக்காரரை மேடைக்குக் கூப்பிடுவார்கள், அவர் வாய் பெருசாகிவிட்டது என்று சொல்லுவார். வீட்டுக்கு ஓடிப் போய்ப் பரணிலிருந்து பழைய தட்டை இறக்கி ஒரே ஓர் ஈடு வைத்துக் கொண்டுவரலாம். மாவு ஒரு கரண்டிகூட மிச்சமில்லை, வழித்து ஊற்றிவிட்டேன். இட்லியைத் தண்ணீரில் முக்கினால் எடை ஏறுமா? ஏறும். முக்கிப் பார்த்தேன். பிழிந்த துணி மாதிரி ஆகிவிட்டது. சாம்பாரில் ஊறப் போடலாம், சாம்பார் இட்லி என்று சொல்லலாம். "அப்ப சாம்பாரை வடிச்சிட்டு எடை போடுவாரு" என்கிறாள் பூங்கோதை. "நோட்டுல ஐம்பத்தாறு கிராம்னு எழுதி வச்ச மனுஷன் சாம்பாரோடயா நிறுத்திருப்பாரு." மெஷின் பேட்டரியைக் கழற்றிவிடலாம். மேடையில் இருக்கிறது, எண்பது பேர் பார்க்கக் கழற்ற வேண்டும். சரி, உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன? வணக்கம், என் பெயர் தவமணி, தட்டை மாற்றிவிட்டேன். சொல்லிப் பார்க்கிறேன், வாய்க்குள் நன்றாகத்தான் இருக்கிறது. உளுந்து ஏறியது சார், உங்கள் எல்லோர் முதுகையும் பார்த்து எட்டு நாள் நின்றேன் சார், உங்களுக்கு விலை ஏறக் கூடாது, உளுந்துக்காரனுக்கு நான் விலை கொடுக்காமல் இருக்கவும் முடியாது, நடுவில் இருக்கிறவள் எதைக் குறைப்பேன், வாடகையையா, என் உயரத்தையா? இதைச் சொன்னால் அந்தச் சென்னைப் பெண் புரிந்துகொள்ளுவாள். ஆனால் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஜெரால்டு தம்பி எழுந்து நிற்பார். "அக்கா, அப்ப என் வயித்துல பூச்சி இல்லையா?" என்பார். அதை மட்டும் என்னால் கேட்க முடியாது. நாளைக்கு ஆட்டோ ஸ்டாண்டு மொத்தமும் முதுகைத் திருப்பும், இந்தத் தடவை எட்டு நாளில் திரும்பாது. விலை ஏற்றினவளை மன்னிப்பார்கள். பூச்சி மாத்திரை சாப்பிட வைத்தவளை மன்னிப்பார்களா? கடை போனால் அடுப்பு போகும், அடுப்பு போனால் அப்புறம் நான் யார், ஏழாம் வகுப்பு பாதி.

அப்போதுதான் கையைப் பார்க்கிறேன். யோசனையில் ஓர் இட்லியை எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல, அது விரலுக்குள் உதிர்ந்து கிடக்கிறது. வெள்ளை வெளேரென்று, பூப்பூவாக. உதிர்ந்ததைப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய இட்லியாக இருந்தது என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. இரண்டு இட்லியை உதிர்த்தால் ஒன்று மாதிரி இருக்கும், ஒன்றை உதிர்த்தால் இரண்டு மாதிரி இருக்கும். எந்தக் கடையிலும் மிஞ்சின இட்லிக்குச் சாயங்காலம் என்ன கதி? "பூங்கோதை, பெரிய வாணலியை ஏத்து" என்கிறேன். "எதுக்கு?" "இட்லி உப்புமா." அவள் என்னையும் டிரம்மையும் மாறி மாறிப் பார்க்கிறாள். "அண்ணி, புது இட்லி. இன்னும் ஆவி போகல. மிஞ்சினதைத்தானே உப்புமா பண்ணுவாங்க." "இது முன்கூட்டியே மிஞ்சினது. உதிரு." இரண்டு பேரும் தரையில் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். முட்டிக்கால் முனகுகிறது, முனகட்டும். உதிர்க்க உதிர்க்க மனசு லேசாகிறது. இருபது, நாற்பது, எண்பது. சுடுகிறது, ஊதி ஊதி உதிர்க்கிறேன். ஒலிபெருக்கியில் பணப்புழக்கம் என்கிறார்கள், அடிப்படைப் புள்ளி என்கிறார்கள், எதுவும் என்னைத் தொடவில்லை. சட்னிக்கு வைத்த கடுகும் மிளகாயும் வாணலியில் வெடிக்கிறது, சாம்பாருக்கு உரித்து மிஞ்சின சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போடுகிறேன், கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. வாசனை ஜன்னல் வலை வழியாக மண்டபத்துக்குள் போகிறது. பேச்சின் நடுவில் அருளப்பன் சார் ஒரு தடவை மூச்சை இழுத்து நிறுத்துவது ஒலிபெருக்கியில் கேட்கிறது. ஒரு வாணலி, இரண்டு வாணலி, மூன்று. மலையாகக் குவிந்துவிட்டது. நாலு டிரம்மும் காலி. மூடியைக்கூடக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

பதினொன்றரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கைதட்டல் ஓய்ந்து, அருளப்பன் சாரே சமையலறை வாசலில் வந்து நிற்கிறார். வேர்த்திருக்கிறார். முகம் முழுக்கச் சிரிப்பு. "தவமணிம்மா, நேரமாச்சு. ஒரே ஒரு இட்லி தட்டுல வச்சு எடுத்துக்கிட்டு வாங்க." "இட்லி இல்லைங்க சார்" என்கிறேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. "உப்புமா பண்ணிட்டேன். கூட்டம் பெருசா இருந்துச்சு. எண்ணி வச்சா ஒருத்தருக்குக் கூட ஒருத்தருக்குக் குறைன்னு ஆயிரும். இது எல்லாருக்கும் சமமா வரும்." அவர் அந்த வெள்ளை மலையைப் பார்க்கிறார். நோட்டைப் பார்க்கிறார். ஐம்பத்தாறு அதிலேயே இருக்கிறது, அதற்குத் துணை வரப் போவதில்லை. "இருநூத்தி நாப்பதையுமா?" என்கிறார் மெதுவாக. அந்த முகம் விழுந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, நல்ல மனுஷன், ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்று வாய் திறக்கப் போகிறது. "ஒண்ணுகூடவா முழுசா இல்ல?" என்கிறார். "ஏன் சார் இல்ல, இதோ இருக்கே" என்கிறாள் பூங்கோதை. கிண்ணம் ஒன்றைத் தூக்குகிறாள். அடியில் ஓர் இட்லி, முழுசாக, வட்டமாக, குழந்தை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. "எனக்கு உப்புமா பிடிக்காது. எனக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சேன்." இருபத்தெட்டு வருஷமாக என் கல்யாணத்திலிருந்து இவள் எனக்குச் செய்த எல்லாவற்றையும் மன்னித்தேன், இதை மன்னிக்க மாட்டேன். அருளப்பன் சார் கையை நீட்டுகிறார். அவர் கைக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் என் கை போகிறது. நான் போகச் சொல்லவில்லை, பாத்திரக் கடையில் போன அதே கை. எடுத்து, வாய்க்குள் போட்டுக்கொண்டேன். முழுசாக. கன்னம் இரண்டும் புடைத்துவிட்டது. சார் என்னையே பார்க்கிறார். அப்புறம் அவர் கண் கலங்குகிறது. "ஐயோ, காலையிலேருந்து எண்பது பேருக்குச் சமைச்சிட்டு நீங்க ஒண்ணுமே சாப்பிடலையாம்மா? பசியோட நிக்க வச்சிட்டேனே. வாங்க, அப்படியே வாங்க, கூட்டம் காத்துக்கிட்டிருக்கு" என்று கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். பின்னால் பூங்கோதை, "அண்ணி, அது என் இட்லி" என்கிறாள். மெல்லவில்லை, விழுங்கவும் இல்லை. மெஷினைத் தாண்டிப் போகிறேன், சைபரில் நிற்கிறது. பொன்னாடை தோளில் விழுகிறது. முதல் வரிசையில் வீட்டுக்காரர் எழுந்து நின்று தட்டுகிறார், ஜெரால்டு தம்பி விசில் அடிக்கிறார், சுகுமார் தம்பி பேனாவை மூடிவிட்டுத் தட்டுகிறார். மீனலோசனி மைக்கை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து, "சொல்லுங்கம்மா, மூணு வருஷமா எப்படிச் சமாளிச்சீங்க?" என்கிறாள். எண்பது முகம். ஒரு வார்த்தைகூடத் தப்பாக வர வழியில்லை. கையைக் குவித்துக் கும்பிட்டேன். பேச்சு வரவில்லை, அவ்வளவு உணர்ச்சி என்று யாரோ முன்வரிசையில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். நான் கும்பிட்டபடியே நிற்கிறேன், வாய் நிறைய இட்லி. பழைய தட்டு இட்லியாக இருந்திருந்தால் இப்படி ஒரே வாயில் அடங்கியிருக்காது.